மாமா தைத்த தடையோட்டம்

தடை தாண்டுவது எப்படி என்று அக்கா மகளுக்குச் செய்து காட்டப் போன தையல்காரர் தடையைத் தாண்டவில்லை. அதையும் இழுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய் விழுந்தார். போகிற போக்கில் அவருடைய பேன்ட் பின்பக்கம் டர்ரென்று கிழிந்தது. அவரே தைத்த பேன்ட். தெருவில் யாருடையது கிழிந்தாலும் அவரிடம்தான் வரும் என்பதால், விஷயம் வெளியே போகாது என்று ஒரு சின்ன நிம்மதி.

"அடி பட்டுச்சா மாமா?" என்றாள் மருமகள். பதினாலு வயது. சிரிப்பை அடக்கியதில் முகம் கோணிப் போயிருந்தது.

"மானத்துல மட்டும்தான்."

சமையலறை ஜன்னலில் அக்காவின் தலை தெரிந்தது. "டேய் தம்பி, அவளை ஓட வைக்கிறேன்னு நீ நொண்டி ஆயிடாதே."

பள்ளியில் இந்த வருஷப் போட்டிகள் தொடங்கவிருந்தன. தடையோட்டத்துக்குப் பேர் கொடுக்க இன்றுதான் கடைசி நாள். தடையின் உயரம் முப்பது இன்ச் என்று விளையாட்டு டீச்சர் சீட்டில் எழுதிக் கொடுத்ததும் மாமா களத்தில் இறங்கிவிட்டார். ஓட்டத்தில் அவருக்கிருந்த அனுபவமெல்லாம் பஸ்ஸுக்குப் பின்னால் ஓடியதுதான். அதிலும் பாதி நாள் பஸ்தான் ஜெயித்தது. ஆனால் அளவைக் கொடுத்தால் எதையும் செய்துவிடலாம் என்பது அவர் கட்சி. மரச்சட்டத்தில் கால்கள் அறுத்து, குறுக்கே துணி சுருட்டி வரும் அட்டைக்குழாயை வைத்து, வீட்டுக்குப் பின்னால் மூன்று தடைகளை நிறுத்தினார். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தன.

தாண்டத்தான் முடியவில்லை. பத்து நாளாக அவள் ஓடி வருவாள், கால் இடிக்கும், குழாய் உருளும். "பேர் குடுக்கறியா?" என்று மாமா கேட்பார். "பாக்கலாம்" என்று தோளைக் குலுக்குவாள். நேற்று, "எனக்கு இதெல்லாம் வராது மாமா" என்று அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். அது அவரைத் தூங்கவிடவில்லை. இன்று காலையிலேயே இந்த வீரப்பிரதாபம் அதனால்தான்.

விழுந்ததில் தடையின் ஒரு கால் விரிசல் விட்டிருந்தது. புதுக் கால் அறுக்க, கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்து இன்னொரு காலை அளந்தார். முப்பத்திரண்டு. டேப்பைத் திருப்பிப் பிடித்து அளந்தார். முப்பத்திரண்டு. மற்ற இரண்டு தடைகளிலும் அதே முப்பத்திரண்டு.

அப்போதுதான் உறைத்தது. முப்பது என்று கேட்டால் கீழே மடித்துத் தைக்க இரண்டு இன்ச் கூட விட்டு வெட்டுவது அவர் கை. அதற்கு மூளையைக் கேட்கும் பழக்கமே கிடையாது.

சத்தமில்லாமல் அறுத்துவிட்டு, 'பாரு, நீ முன்னேறிட்டே' என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் புத்தி போனது. மனசு கேட்கவில்லை.

"கண்ணு, தப்பு உன்மேல இல்ல. மடிப்புக்கு ரெண்டு இன்ச் விட்டுட்டேன்."

"எதுல?"

"தடைல."

அவள் தடைகளைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். "மரத்தை எங்க மாமா மடிப்பீங்க?"

அவள் மண்ணில் அப்படியே உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். அது அவரையும் தொற்றிக்கொண்டது. என்னவென்று பார்க்கக் கரண்டியோடு வந்த அக்கா விஷயத்தைக் கேட்டுப் படியிலேயே சரிந்தாள். "நல்லவேளை, இவனை வீடு கட்டச் சொல்லலை. கூரையை உள்ள மடிச்சிருப்பான்."

ரம்பம் வந்தது. விரிசல் விட்டதற்குப் பதில் புதுக் கால் வந்தது. மற்ற ஐந்தும் முப்பதுக்கு இறங்கின.

அவள் ஓடி வந்தாள். முதல் தடையைத் தாண்டினாள். இரண்டாவதையும் தாண்டினாள். மூன்றாவதில் குதிகால் உரசி, குழாய் ஆடி, யோசித்து, நின்றுகொண்டது. நிற்காமல் திரும்பி ஓடினாள். மறுபடி. மாமா ஒரு கையால் பின்பக்கத்தை மறைத்துக்கொண்டு கூடவே ஓடினார். அக்கா கரண்டியை ஆட்டி வினாடி எண்ணினாள். "ஆறு, ஏழு, எட்டு... ஐயோ, அடுப்புல பால்" என்று உள்ளே பாய்ந்ததில் உலக சாதனை ஏதாவது நடந்திருந்தாலும் கணக்கில் வராமல் போயிற்று.

அவள் முழங்காலில் கையூன்றி மூச்சு வாங்கினாள். மாமாவுக்கும் மூச்சு வாங்கியது; இத்தனைக்கும் அவர் ஒன்றையும் தாண்டவில்லை.

"பேர் குடுக்கறியா?" என்றார், 'பாக்கலாம்' வருமென்று தயாராக.

அவள் நிமிர்ந்தாள். தோளைக் குலுக்கவில்லை.

"குடுக்கறேன் மாமா. ஸ்கூலுக்குப் போனதும் முதல் வேலை அதுதான்."