இடது காலுக்கு ஒரு பாஸ்போர்ட்

மூன்று வயது முடிந்த செயற்கைக் கால் வெளிநாடு போவதென்றால் தனியாகப் பாஸ்போர்ட் எடுக்க வேண்டும். தூத்துக்குடி ரெஜினாளின் இடது காலுக்கு அந்தப் பங்குனியில் நாலு முடிந்துவிட்டது. முழங்காலுக்குக் கீழே மாட்டுகிற கால் அது.

பஹ்ரைனில் வெல்டராக இருக்கும் அவள் புருஷன் மிக்கேல், மகள் பிறந்ததிலிருந்து ஊருக்கு வரவில்லை. "ஏட்டி, பிள்ள வைக்கிற முதல் எட்டை மட்டும் நான் நேர்ல பாத்துரணும்" என்று போனில் சொல்லியிருந்தான். பிள்ளை ஜெனிட்டாவுக்குப் பத்து மாதம். சுவரைப் பிடித்து நிற்கத் தொடங்கிவிட்டாள். டிக்கெட் தயார். தாய்க்கும் மகளுக்கும் பாஸ்போர்ட் வந்துவிட்டது. கால்தான் பாக்கி.

"அஞ்சு விரலும் தெரியணும். சிரிக்கக் கூடாது" என்றார் போட்டோக்காரர். கால் சிரிக்கவில்லை. ரெஜினாளுக்குத்தான் சிரிப்பு வந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். படிவத்தில் தொழில் என்ற இடத்தில், யோசித்து, 'நிற்பது' என்று எழுதினாள்.

போலீஸ் விசாரணைக்கு ஏட்டையா வந்தார். செருப்போடு வீட்டுக்குள் போகிற பழக்கம் ரெஜினாளுக்குக் கிடையாது. அந்தக் காலில் செருப்பு வாரைக் கழற்றுவது பெரும்பாடு. அதனால் செருப்போடு காலையும் வாசற்படியில் விட்டுவிட்டு, உள்ளே தாயும் மகளும் ஒரே சுவரைப் பிடித்து நடமாடுவார்கள். ஏட்டையா படியில் நின்ற காலைப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டு லூர்தம்மாளிடம் கேட்டார்.

"ஆள் எப்படி?"

"தங்கமான கால் ஏட்டையா. வச்ச இடத்துல நிக்கும். ஒரு வம்புதும்புக்குப் போகாது."

"படுக்கை எங்க?"

லூர்தம்மாளுக்குப் பொய் வராது. "படியிலதான்."

'சொன்ன முகவரியில் குடியில்லை' என்று ஏட்டையா எழுதிக்கொண்டார். "உள்ள குடியிருக்கிறத நான் கண்ணால பாக்கணும். வெள்ளிக்கிழமை வாரேன்."

விமானம் அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை. உடனே ரெஜினாள் வாரோடு மல்லுக்கட்டிச் செருப்பைக் கழற்றி, காலைக் கழுவித் துடைத்து உள்ளே குடியேற்றினாள். கட்டிலில் சுவரோரம் அதற்கு இடம் விட்டாள். கால் கொஞ்சம் கூச்சப்பட்டது. அவளைப் போலத்தான் அதுவும்.

வெள்ளிக்கிழமை ஏட்டையா வந்தபோது சாப்பாட்டு நேரம். மூன்று தட்டு. காலுக்கு முன்னால் இருந்த தட்டு காலியாக இருந்தது.

"இவர் ஏன் சாப்பிடல?"

ரெஜினாள் தலையைக் குனிந்துகொண்டாள். லூர்தம்மாள் ஜன்னல் வழியாகச் சொன்னாள்: "தவக்காலம்லா ஏட்டையா. இன்னைக்கு ஒருசந்தி."

"எங்க ஸ்டேஷன் ரைட்டரும் அப்படித்தான், பச்சத் தண்ணி குடிக்க மாட்டாரு" என்று ஏட்டையா கையெழுத்துப் போட்டார். திங்கட்கிழமை பாஸ்போர்ட் வந்துவிட்டது.

செவ்வாய்க் காலையில் வாசலில் கார் ஹாரன் அடித்தது. கால் வாரை இறுக்கிவிட்டு ரெஜினாள் நிமிர்ந்து பார்த்தால், ஜெனிட்டா சுவரை விட்டுவிட்டாள். வலது பாதம் மேலே எழும்பிவிட்டது. இனி இறங்க வேண்டியதுதான் பாக்கி. ரெஜினாள் ஒரே தாவாகத் தாவினாள். அந்த முதல் எட்டு தரையில் படுவதற்குள் முந்தானையில் ஏந்தி இறுக்கி முடிந்துகொண்டாள். எட்டு இல்லாத பிள்ளை பொத்தென்று உட்கார்ந்தது.

விமான நிலையத்து அதிகாரி மூன்று பாஸ்போர்ட்டிலும் முத்திரை குத்தினார். பிறகு முந்தானை முடிச்சைக் காட்டினார்.

"அதுல என்னம்மா?"

"பிள்ளையோட முதல் எட்டு சார்" என்றாள் ரெஜினாள், தரையைப் பார்த்துக்கொண்டு. "அவ அப்பா முன்னாலதான் அவுக்கணும்."

"நூறு மில்லிக்குள்ள இருக்குமா?"

"இருக்கும் சார்."

அதிகாரி முடிச்சை லேசாக அமுக்கிப் பார்த்தார். உள்ளேயிருந்து அது ஒரு உதை உதைத்தது.

"சரி. மேல பெட்டியில வைக்காதீங்க, மடியிலயே வச்சுக்கோங்க" என்று சொல்லி, நாலாவது முத்திரையை முடிச்சின் மேல் குத்தினார்.