ஏழாயிரத்தில் நிற்கும் முள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒட்டுக்கேட்டது. என் வண்டியைச் சரிசெய்ய வொர்க்‌ஷாப்புக்குப் போயிருந்தேன். அங்கே ஒருவர் மெக்கானிக்கிடம் மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார். அவரைப் பல் வைத்தியர் ஆக்கிவிட்டேன். (கியருக்கும் பல் இருக்கிறது என்பதற்காக ஆக்கினேன் என்று நினைக்காதீர்கள். அதற்காகத்தான் ஆக்கினேன்.)

முதல் வரியாக இதை எழுதினேன்: ‘மேட்டுச்சாலையின் மேல் சூரியன் மெல்ல…’ அடித்துவிட்டேன். காருக்கு எதற்குச் சூரியன்?

2

வைத்தியருக்கும் அவருடைய சகலைக்கும், அதாவது மனைவியின் அக்கா கணவருக்கும், பந்தயம். ஞாயிற்றுக்கிழமை மேட்டுச்சாலையில் யார் முதலில் உச்சிக்குப் போவது? வைத்தியர் தோற்றால் பழைய காரை விற்றுவிட்டு, அது நிற்கும் ஷெட்டை மனைவிக்குக் கொடுத்துவிட வேண்டும். அவள் கேக் செய்து விற்பவள். இப்போதைக்கு அவளுடைய பெரிய அடுப்பு கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கிறது. நிபந்தனையைப் போட்டதே அவள்தான்.

வைத்தியர் சும்மா இருப்பாரா? எஞ்சின் வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்டைக் கழற்றிவிட்டு ரேஸ் காருடையதைப் போட்டார். அதன் குணம் என்னவென்றால், நிமிடத்துக்கு ஐயாயிரம் சுற்றைத் தொடும்வரை எஞ்சின் தூங்கும். அங்கிருந்து ஏழாயிரம்வரை பேய் பிடித்தாற்போல் இழுக்கும். ஆகவே கியர் மாற்றும்போதும் சுற்றைக் காட்டும் முள் ஐயாயிரத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. பழைய கியர்பாக்ஸிலோ, இரண்டிலிருந்து மூன்றுக்குப் போனதும் நாலாயிரத்துச் சொச்சத்துக்குப் பொத்தென்று விழுகிறது.

(எனக்கும் இதே வியாதிதான். முதல் பகுதியில் பறப்பேன், அடுத்த பகுதிக்குப் போனதும் படுத்துவிடுவேன். பாருங்கள், விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.)

3

“அதுக்குத்தானய்யா பின்னாடி சக்கரத்தச் சுத்துற டிஃபரன்ஷியல மாத்தினேன்? பல் பாக்கிற கண்ணாடிய வச்சு நானே மாட்டினேன். வண்டி இப்ப சும்மா சீறுது!”

“சீறும் டாக்டர். எல்லா கியரும் சேர்ந்து மாறியிருக்கு. ஆனா ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல இருக்கிற பள்ளம் அப்படியேதான இருக்கு? ஏணியில ஒரு படி இல்லன்னா, ஏணிய நகத்திப் போட்டா படி முளைச்சிடுமா? கியர்பாக்ஸ் உள்ள பல்சக்கரத்த மாத்தணும்.”

“கேம் போட்டது நீதான? அப்பவே சொல்றதுக்கென்ன?”

“அப்ப என் வாயில பஞ்சு வச்சிருந்தீங்களே டாக்டர்.”

கியர்பாக்ஸைக் கழற்ற நேரம் இல்லை. வைத்தியர் அப்படியே ஓட்டிக்கொண்டு போய்விட்டார். பல் சமாச்சாரத்தைக் கழித்துவிட்டால், நான் நிஜமாகக் கேட்டது இவ்வளவுதான். மீதி என் கைச்சரக்கு.

4

ஞாயிறு. எடை சமமாக இருக்க வேண்டும் என்று அவரவர் மனைவி அவரவர் காரில். (முதலில் வைத்தியரின் மனைவியைச் சிடுமூஞ்சியாக எழுதியிருந்தேன். ‘அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு…’ ஒட்டவில்லை. எடுத்துவிட்டேன்.)

பாதி மேடு. இரண்டாவது கியர். முள் ஏழாயிரத்தில். சகலையின் கார் பக்கத்திலேயே உரசிக்கொண்டு வருகிறது.

முடிவு அ: மூன்றுக்கு மாற்றுகிறார். முள் விழுகிறது. சகலை கையசைத்துவிட்டுப் போகிறார். அடுப்பு ஷெட்டுக்குப் போகிறது.

முடிவு ஆ: இரண்டிலேயே மிதிக்கிறார். ஜெயிக்கலாம். எஞ்சின் வெடித்துச் சிதறவும் செய்யலாம்.

முடிவு இ: சகலைக்குப் பஞ்சர். (எழுதவே வெட்கமாக இருக்கிறது.)

5

அ-வை எழுத உட்கார்ந்தேன். அவர் கை கியர்மேல் போனது. அவள் அந்தக் கையை அப்படியே பிடித்துக்கொண்டாள்.

“மாத்தாதீங்க! மிதிங்க!”

“வெடிச்சிடும்டி!”

“அத்தான் முந்துறாருங்க!”

“ஜெயிச்சா உனக்கு ஷெட் கிடையாதுடி!”

“தெரியும்! மிதிங்கன்னா!”

சத்தியமாக இதை நான் யோசித்து வைக்கவில்லை. அந்த நொடியில் அவளை எனக்கு அவ்வளவு பிடித்துப்போய்விட்டது. இனி அவளுக்கு ஷெட் கிடைக்காமல் போனாலும் மனசு கேட்காது, அவர் தோற்றாலும் மனசு கேட்காது. என்னால் ஆகாது. நான் இறங்கிக்கொள்கிறேன்.

முள் ஏழாயிரத்துச் சிவப்புக் கோட்டைத் தாண்டுகிறது. வைத்தியர் உங்களைத்தான் பார்க்கிறார். சீக்கிரம் சொல்லுங்கள், மாற்றட்டுமா, மிதிக்கட்டுமா?