ஆதரவுக் கடிதம்

தாமரை உறையை மேசைமேல் வைத்தாள். அமுதவள்ளிக்கு அதைப் பிரித்துப் பார்க்கவேண்டிய தேவை இருக்கவில்லை. சம்மதம் என்றால் நேரில் வரச்சொல்லிக் கூப்பிடுவார்கள். மறுப்பு என்றால்தான் தபால். ஆனாலும் பிரித்தாள். மலாயில் மூன்று வரி. விஷ்ணுப்ரியாவின் குடியுரிமை விண்ணப்பம் பரிசீலிக்கப்பட்டது, ஏற்கப்படவில்லை, நன்றி. காரணம் என்று ஒரு சொல் இல்லை. இது மூன்றாவது கடிதம். முதல் இரண்டிலும் இதே மூன்று வரிதான், தேதி மட்டும் வேறு.

"வர்ற பதினெட்டாந்தேதியோட இவளுக்கு இருபத்தொன்னு முடியுது," என்றாள் தாமரை. "அதுக்கப்புறம் இந்தப் பிரிவுல போடவே முடியாதாமே, அமுதா? கவுண்டர்ல சொன்னாங்க."

முடியாதுதான். அமுதவள்ளி சுவர் நாள்காட்டியைப் பார்த்தாள். இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

கிள்ளானில் ஒரு கடைவீட்டின் மாடியில் இருந்தது அவளுடைய சேவை மையம். சட்டமன்ற உறுப்பினராகி, ஊர் வாயில் 'ஒய்பி' ஆகி, இரண்டு வருஷம் ஆகிறது. சனிக்கிழமை காலைகளில் படிக்கட்டுவரை ஆட்கள் நிற்பார்கள். அடைத்துக்கொண்ட சாக்கடை, எரியாத தெருவிளக்கு, பிள்ளைக்குப் பள்ளியில் இடம் என்று எதைக் கொண்டுவந்தாலும் அவளால் போனை எடுத்து யாரையாவது பிடித்துவிட முடியும். குடியுரிமை மட்டும் அவள் கைக்கு எட்டாத இடத்தில் இருந்தது. அது மத்திய அரசாங்கத்தின் காரியம். மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் செய்யக்கூடியது ஒன்றே ஒன்று: சின்னம் அச்சடித்த தாளில் ஓர் ஆதரவுக் கடிதம். அப்படி எழுதிக் கொடுத்து, பதிலுக்காகக் காத்திருக்கும் கோப்புகள் அவளுடைய இரும்பு அலமாரியில் நாற்பத்துமூன்று இருந்தன.

விஷ்ணுப்ரியா நாற்காலியில் உட்காராமல் சுவரோரம் நின்றிருந்தாள். ஒன்பது நாள் சிசுவாகத் தாமரையிடம் வந்தவள். பண்டமாரானில் பக்கத்து அறையில் வாடகைக்கு இருந்த பெண், குழந்தையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனாள். திரும்பவில்லை. அந்தப் பெண் எந்த நாடு, எந்த ஊர் என்று யாருக்கும் தெரியாது. தாமரை முறைப்படி நீதிமன்றம் போய்த் தத்தெடுத்தும் குடியுரிமை சேர்ந்து வரவில்லை. கிள்ளானில் பூக்கட்டி விற்றுப் படிக்கவைத்தாள். பெண் நன்றாகப் படித்தாள். தாதியாக வேண்டும் என்று ஆசைப்பட்டாள். எந்தக் கல்லூரியிலும் விண்ணப்பப் பாரத்தின் முதல் கட்டத்திலேயே அடையாள அட்டையான ஐசியின் எண்ணைக் கேட்டார்கள்.

அமுதவள்ளியால் அந்தப் பெண்ணை நேராகப் பார்க்க முடியவில்லை. அந்த நிற்பு அவளுக்குத் தெரிந்த நிற்பு. எங்கே போனாலும் கதவுக்குப் பக்கமாகவே நிற்பது.

அமுதவள்ளி கேரி தீவில், செம்பனைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். அப்பா நாகையா தோட்டத்துக் கோவிலில் தாலி கட்டியதோடு சரி, எங்கும் பதியவில்லை. மகள் பிறந்ததையும் பதியவில்லை. பள்ளியில் மூன்றாம் படிவத்தோடு படிப்பு நின்றது. பிஸ்கட் தொழிற்சாலையில் வேலைக்குப் போனாள். வழியில் போலீஸ் தடுப்பைக் கண்டால் பஸ்ஸின் பின்கதவு வழியாக இறங்கி நடந்துவிடுவாள். இருபத்திரண்டு வயதில் வலி எடுத்தபோது கணவன் விஜயன் லோரியை வாசலிலேயே கொண்டுவந்து நிறுத்தினான். அவள் ஏறமாட்டேன் என்றாள். கார்டு கேட்பார்கள், இல்லை என்றால் பிடித்து உள்ளே வைத்துவிடுவார்கள், பிள்ளையைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று அவளாக நினைத்துக்கொண்டாள். மத்தியானம்வரை பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். அதற்குமேல் முடியாமல் தூக்கிக்கொண்டு போனார்கள். ஆண் குழந்தை. உயிர் இல்லை. அந்த ஆஸ்பத்திரியில் அன்று சாயங்காலம்வரை யாரும் அவளிடம் கார்டே கேட்கவில்லை. அதுதான் அவளுக்கு இன்றுவரை ஆறாதது. விஜயன் அதைப்பற்றி ஒரு வார்த்தை குத்திப் பேசியதில்லை. நான்கு வருஷம் கழித்து ஜொகூர் பக்கம் வேலைக்குப் போனவன் அங்கேயே இருந்துவிட்டான்.

இருபத்தேழு வயதில் ஐசி கிடைத்தது. கிடைத்த கையோடு வீட்டில் உட்காராமல் மற்றவர்களுக்காக அலைய ஆரம்பித்தாள். தோட்டம் தோட்டமாகப் போய்ப் பெயர் எழுதினாள், மனு கொடுத்தாள், நீதிமன்ற வராந்தாக்களில் காத்துக்கிடந்தாள். பத்து வருஷத்துக்கு முன்னால் புத்ராஜெயாவில் தேசியப் பதிவு இலாகா வாசலில் அறுபது பேரோடு மழையில் தரையில் உட்கார்ந்தாள். அவளுக்கு வலப்பக்கம் உட்கார்ந்திருந்தவள் தாமரை, மடியில் சாய்ந்திருந்த பதினொரு வயது விஷ்ணுப்ரியாவோடு. காவலர்கள் அமுதவள்ளியைக் கையும் காலுமாகத் தூக்கிக்கொண்டு போன படம் பத்திரிகையில் வந்தது. அந்தப் படத்தைத்தான் கட்சி தேர்தலில் சுவரொட்டியாகப் போட்டது. தாமரை அதைக் கடை கடையாக ஒட்டினாள்.

"திங்கக்கெழம நானே கூட வரேன்கா," என்றாள் அமுதவள்ளி. "நேர்ல பேசிப் பாப்போம்."

திங்கட்கிழமை அதே புத்ராஜெயா இலாகாவில் அவர்களை வரிசையில் நிற்கவிடவில்லை. மக்கள் பிரதிநிதி என்பதால் மூன்றாவது மாடியில் குளிர்சாதன அறை, தேநீர், தட்டில் குவே பலகாரம். அதிகாரி நடுத்தர வயதுப் பெண். தாமரைக்கும் விஷ்ணுப்ரியாவுக்கும் தானே நாற்காலியை இழுத்துப் போட்டாள். தனக்கும் இந்த வயதில் மகள் இருக்கிறாள் என்றாள். அமுதவள்ளி சண்டைக்குத் தயாராகத்தான் வந்திருந்தாள். எதிரில் இருந்த முகத்தில் சண்டை பிடிக்க எதுவும் இல்லை.

ஏன் மறுத்தார்கள் என்று கேட்டாள். காரணம் சொல்ல வேண்டும் என்று சட்டத்தில் இல்லை, தனக்குமே தெரியாது என்றாள் அதிகாரி. பதினெட்டாம் தேதிக்குள் புதிதாக ஒன்று கொடுக்கலாம், தன் கையாலேயே வாங்கிக்கொள்வதாகச் சொன்னாள். ஆனால் பெற்ற தாயின் வாக்குமூலம் வேண்டும். அது இல்லாத கோப்பு முழுமை பெறாத கோப்பு. அதைப் பதிவில் ஏற்ற முடியாது.

"அவங்களக் கண்டுபிடிக்க முடியலன்னு நான் எழுதிக் குடுத்தேனே," என்றாள் தாமரை, தமிழிலேயே. அமுதவள்ளி மலாயில் மொழிபெயர்த்தாள். அதிகாரி வருத்தத்தோடு தலையசைத்தாள்.

அமுதவள்ளி தன்னுடைய கடிதத்தை நீட்டினாள். கோப்பைத் திறந்து அதைச் சேர்க்கும்போது உள்ளே இருந்தவை தெரிந்தன. பழைய சட்டமன்ற உறுப்பினர் எழுதியது ஒன்று. அதற்கும் அடியில், ஓரம் மஞ்சளாகி, அப்போது நடத்திய இயக்கத்தின் பெயரில் அமுதவள்ளியே எட்டு வருஷத்துக்கு முன் எழுதியது ஒன்று. எல்லாக் கடிதங்களிலும் ஒரே இடத்தில் இரண்டு ஓட்டை போட்டு ஒழுங்காகக் கோத்திருந்தார்கள். அதிகாரி இதற்கும் இரண்டு ஓட்டை போட்டாள்.

படியிறங்கும்போது போன் வந்தது. கட்சியின் மாநிலச் செயலாளர் விமலன்.

"அமுதா, நீ அங்க போயிருக்கேன்னு எனக்குப் போன் வந்திருச்சு. பிரச்ன ஒன்னும் பண்ணிராதம்மா. நாம இப்ப கவர்மெண்ட்ல இருக்கோம் லா. ஒன்னோட நாப்பத்திமூனு ஃபைலும் அடுத்த மாசம் கமிட்டிக்கு வருது. இப்பப் போயி சண்ட போட்டின்னா மொத்தமாத் தூக்கி ஓரமா வச்சிருவாங்க."

"நான் பேசத்தான்ணே வந்தேன்," என்றாள்.

"பேசு. பேசிட்டு வந்துரு."

வெளியே வந்தபோது தாமரை வாசல் கதவருகே தரையில் உட்கார்ந்திருந்தாள். சேலை முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு, கைப்பையை மடியில் வைத்து, பஸ்ஸுக்குக் காத்திருப்பவள்போல. பத்து மணி வெயில் சிமெண்டில் ஏறியிருந்தது. விஷ்ணுப்ரியா பக்கத்தில் நின்று "அம்மா, எந்திரிங்கம்மா" என்று மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, எந்திரிங்க. வீட்டுக்குப் போயிப் பேசுவோம்."

"நீயும் ஒக்காரு, அமுதா." தாமரை அண்ணாந்து பார்த்தாள். "அன்னிக்கு ஒனக்கு ஐசி இருந்துச்சு. இருந்தும் எங்களுக்காக ஒக்காந்த. இப்ப ஒய்பியே ஒக்காந்தா பேப்பர்காரன் வருவான். ஒரு மணி நேரம் ஒக்காரு, போதும்."

"நாப்பத்திமூனு பேரு இருக்காங்கக்கா."

"எனக்கு ஒருத்திதான்."

காவலாளி வந்தான். வயதானவன். அமுதவள்ளியை அடையாளம் கண்டு சலாம் வைத்தான். இங்கே உட்கார அனுமதி இல்லை, மேலே சொல்லவேண்டியிருக்கும், போலீஸ் வரும் என்றான். சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து, பெயரும் ஐசி எண்ணும் கொடுங்கள் என்று தாமரையைக் கேட்டான். பிறகு பேனாவோடு விஷ்ணுப்ரியா பக்கம் திரும்பினான். அவள் இரண்டடி பின்னால் போனாள். போய்க் கார் நிறுத்துமிடத்தின் தூணை ஒட்டி நின்றாள்.

அமுதவள்ளி குனிந்தாள். தாமரையின் இரண்டு அக்குளுக்கும் கை கொடுத்துத் தூக்கினாள். தாமரை எதிர்க்கவில்லை, உதவவும் இல்லை. உடம்பைத் தளரவிட்டாள். அப்படித் தளரவிட வேண்டும், அப்போதுதான் தூக்குவது கஷ்டம் என்று பத்து வருஷத்துக்கு முன்னால் எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்தவள் அமுதவள்ளிதான். காவலாளி இன்னொரு பக்கம் பிடித்துக்கொண்டான். இருவருமாகக் காருக்குள் உட்காரவைத்தார்கள். விஷ்ணுப்ரியாவைப் போலீஸிடமிருந்து காப்பாற்றக் குனிந்தாளா, விமலன் சொன்னதற்காகக் குனிந்தாளா என்று பிறகு பல நாள் யோசித்துப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பதில் வந்தது.

கார் கிள்ளானுக்குத் திரும்பியது. வீட்டு வாசலில் இறங்கும்போது தாமரை சேலையைச் சரிசெய்துகொண்டாள்.

"பரவால்ல ஒய்பி. நீங்க போயிட்டு வாங்க," என்றாள்.

ஆட்கள் எதிரில் மட்டும்தான் அவள் அப்படிக் கூப்பிடுவாள். அப்போது தெருவில் வேறு யாரும் இல்லை.

தாயின் வாக்குமூலம் இல்லாமலே புது விண்ணப்பத்தைப் பதினாறாம் தேதி கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அதிகாரி சொன்னபடியே தன் கையால் வாங்கிக்கொண்டாள், ரசீது தரவில்லை. பதினெட்டாம் தேதி வந்து போனது. அமுதவள்ளி சட்டமன்றத்தில் பேச எழுந்தாள். இது மாநில அதிகாரத்துக்கு உட்பட்டதல்ல என்று சபாநாயகர் மரியாதையாகச் சொன்னார். நாற்பத்துமூன்று கோப்புகளில் ஏழு தேறின. ஏழு குடும்பமும் பழக்கூடையோடு வந்து அவளோடு படம் எடுத்துக்கொண்டது. தாமரை சேவை மையத்துக்கு வருவதை விட்டிருந்தாள். இரண்டு முறை அமுதவள்ளி பூக்கடைக்குப் போனாள். தாமரை வாடிக்கையாளருக்குக் கட்டுவதுபோலவே மல்லிகையை இலையில் வைத்துக் கட்டிக் கொடுத்தாள். மகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டதற்கு, "வேலைக்குப் போறா," என்றாள். எங்கே என்று சொல்லவில்லை.

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கையில் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் வியாபாரிகள் தெரு அலங்காரத்தைத் திறந்துவைக்கச் சில மக்கள் பிரதிநிதிகளை அழைத்தார்கள். மாநகராட்சி ஆட்களும் போலீஸ் அதிகாரிகளும் வந்திருந்தார்கள். குத்துவிளக்கு ஏற்றி, ரிப்பன் வெட்டி, எல்லாரையும் ஓர் உணவகத்துக்குச் சாப்பிட அழைத்துப் போனார்கள். முன்னால் கைகழுவும் இடத்தில் கூட்டம். பின்னால் ஒன்று இருக்கிறது, வாங்க ஒய்பி, என்று முதலாளி வழிகாட்டினார்.

பின்கட்டில் பெரிய தொட்டிக்கு முன்னால், முழங்கால்வரை ரப்பர் ஏப்ரன் கட்டி, தலைமுடியை வலைக்குள் அடக்கிக்கொண்டு விஷ்ணுப்ரியா தட்டு கழுவிக்கொண்டிருந்தாள். காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பியவள் அமுதவள்ளியைக் கண்டாள். "ஆன்டி" என்று உதடு அசைந்தது. சிரிப்பும் வந்துவிட்டது, உண்மையான சிரிப்பு. பிறகு அவள் கண் அமுதவள்ளியின் தோளைத் தாண்டிப் பின்னால் போனது.

அமுதவள்ளி திரும்பிப் பார்த்தாள். சீருடையில் இருவர், கைகழுவ வந்தவர்கள், ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டு நின்றார்கள்.

மறுபடி திரும்பியபோது தொட்டிக்கு முன்னால் யாரும் இல்லை. சந்துக்குப் போகும் பின்கதவு ஆடிக்கொண்டிருந்தது. மூடாமல் விட்ட குழாயிலிருந்து தண்ணீர் தட்டுகள்மேல் கொட்டி, தொட்டி நிறைந்து, நுரை விளிம்பைத் தாண்டித் தரையில் இறங்கிக் கதவுப் பக்கமாக மெல்லப் போய்க்கொண்டிருந்தது.