என் கைக்கு வராத சமாதானம்

1

இந்தக் கதை ஓர் ஏமாற்றத்திலிருந்து கிடைத்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

லஸ் பக்கத்தில் ஒரு சந்துக்குள் இருக்கும் தேவாலயம். ஞாயிறு காலை ஆராதனை. கடைசி வரிசையின் ஓரத்தில், இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நான் நின்றிருந்தேன். பக்கத்தில் இருந்த பெண்ணுக்குப் பதினாறு வயது இருக்கலாம். அவள் எனக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுக்கவில்லை. கைகளை மூடியபடியே, "கொஞ்சம் வழி விடுங்க" என்று என்னைத் தாண்டி வெளியே போய்விட்டாள்.

எதைக் கொடுக்கவில்லை என்று சொன்னால்தான் என் ஏமாற்றம் உங்களுக்குப் புரியும். எங்கள் ஆராதனையில் காணிக்கை எடுப்பதற்கு முன் 'சமாதானம்' என்று ஒரு பகுதி உண்டு. ஆயர் பீடத்திலிருந்து இறங்கி வந்து, தன் வலது உள்ளங்கையை ஒருவரின் வலது உள்ளங்கையோடு சேர்ப்பார். இருவரும் இடது கையால் மற்றவரின் கையை மூடுவார்கள். "தேவ சமாதானம்" என்று மெல்லச் சொல்வார்கள். வாங்கியவர் திரும்பி அடுத்தவருக்குக் கொடுப்பார். இப்படியே வரிசை வரிசையாக, கைக்குக் கை அது பின்னால் வந்து சேரும். விளக்கிலிருந்து விளக்கு ஏற்றுவது போல* என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அது என் வரை வந்தது. என்னிடம் வரவில்லை.

அந்தப் பெண் யார், எங்கே போனாள் என்று எனக்கு உண்மையிலேயே தெரியாது. இனி வருவதெல்லாம் நானாகக் கட்டியது.

(* இந்த உவமை சரியில்லை. விளக்கேற்றினால் கொடுத்தவரிடமும் சுடர் மிஞ்சுகிறது; அதுவரை சரி. ஆனால் விளக்குகளுக்குள் மனஸ்தாபம் வருவதில்லை.)

2

முதல் தொடக்கம்: "கெசியா மிகவும் நல்ல பெண். தினமும் காலையில் எழுந்து வேதம் வாசித்துவிட்டுத்தான்—"

[வேண்டாம். 'நல்ல பெண்' என்று தொடங்கும் கதையைப் பதினாறு வயதில் நானே படித்திருக்க மாட்டேன்.]

இரண்டாவது தொடக்கம்: "ஆறாயிரம் வருடங்களாக மனிதன் சமாதானத்தைத் தேடி—"

[இது பிரசங்கம்.]

மூன்றாவது: வெள்ளிக்கிழமை சாயங்காலம் கெசியா தன் தேவாலயத்து வாலிபர் ஐக்கியத்தின் வாட்ஸாப் குழுவில் ஒரு ஜெபக் குறிப்பைப் போட்டாள்.

இதுதான் ஓடும். ஏனென்றால் தப்பு இங்கேதான் நடக்கிறது, அதுவும் அன்பினால் நடக்கிறது. ஜெபக் குறிப்பு என்பது என்னவென்று தெரியாதவர்களுக்கு: நமக்கு வேண்டியவருக்கு நோயோ கஷ்டமோ வந்தால், சபையாரிடம் அதைச் சொல்லி, எல்லோரையும் ஜெபிக்கச் சொல்வது. அருமையான ஏற்பாடு. ஒரே ஒரு குறை, என்ன கஷ்டம் என்று சொல்லாமல் ஜெபம் கேட்க நமக்கு மனசு வருவதில்லை. விவரம் கூடக்கூட ஜெபத்துக்கு வலு கூடும் என்று ஒரு நினைப்பு.

கெசியா எழுதினாள்: "என்னோட க்ளோஸ் ஃப்ரெண்ட் ஃபிசாவுக்காக ஜெபிச்சுக்கோங்க. அவளுக்கு [              ]."

அடைப்புக்குறிக்குள் இருப்பதை நான் வேண்டுமென்றேதான் காலியாக விட்டிருக்கிறேன். முதல் வரைவில் எழுதியிருந்தேன். வாசித்துப் பார்த்தபோது நானும் அந்தக் குழுவில் சேர்ந்துவிட்டது போல இருந்தது, அழித்துவிட்டேன். ஃபிசா தன் வீட்டாரைத் தவிர வேறு யாரிடமும் பேசாத ஒரு விஷயம், அடையாறு பஸ் நிறுத்தத்தில் அழுதுகொண்டே கெசியாவிடம் மட்டும் சொன்னது, என்று தெரிந்தால் உங்களுக்குப் போதும்.

செய்தியின் கீழே 'ஆமென்'கள் வரிசையாக விழுந்தன. கெசியாவுக்குச் சந்தோஷமாக இருந்தது.

அந்தக் குழுவில் இருந்த ஒரு பையன் கெசியாவும் ஃபிசாவும் படிக்கும் பள்ளியில்தான் படித்தான். திங்கட்கிழமை மதியத்துக்குள் ப்ளஸ் ஒன் வகுப்பு முழுக்கத் தெரிந்துவிட்டது. "ஃபிசா, உனக்காக நாங்க உபவாசம் இருக்கலாம்னு இருக்கோம். கேன்டீன்ல சமோசா தீர்ந்ததும் ஆரம்பிச்சுருவோம்" என்றான் கடைசி பெஞ்ச்சிலிருந்து ஒருவன்.

ஃபிசா கெசியாவைப் பார்த்தாள்.

"எத்தன பேர் அந்த குரூப்ல?"

"ஃபிசா, ஜெபம் பண்றதுக்குத்தான்டி..."

"எத்தன பேர்னு கேட்டேன்."

ஃபிசா பையை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கத்து பெஞ்ச்சுக்குப் போய்விட்டாள். அதன்பின் பேசவில்லை.

3

இங்கே என் கதாபாத்திரத்தின் மேல் எனக்கு ஒரு சந்தேகம் வருகிறது. வேதத்தை இவ்வளவு வாசிக்கிற பெண்ணுக்கு, தான் செய்தது தப்பு என்று உடனே உறைக்காதா?

உறைக்காது. வேதம் வாசிப்பவர்களை எனக்குத் தெரியும், என்னையும் சேர்த்துத்தான். அடிபட்டவுடன் நாம் நமக்கு ஒத்தடம் கொடுக்கும் வசனத்தைத் தேடுவோம். கெசியாவும் தேடினாள். நீதியினிமித்தம் துன்பப்படுகிறவர்கள் பாக்கியவான்கள் என்கிற இடம் கிடைத்தது. அதற்குக் கீழே பென்சிலால் கோடு போட்டாள். நல்லதைத்தான் செய்தோம், அதற்குக் கிடைத்த கூலி இது என்று நினைத்தாள். ஃபிசாவை மன்னிக்கும்படி ராத்திரி ஜெபம்கூடப் பண்ணினாள்.

(இந்த வாக்கியத்தை எழுதியபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.)

அந்த ஞாயிற்றுக்கிழமை சுவிசேஷ வாசிப்பில் அவளுக்கு மனப்பாடமான ஒரு பகுதி வந்தது. நீ காணிக்கை கொண்டுவரும்போது உன் சகோதரனுக்கு உன்மேல் குறை இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் அவனோடு ஒப்புரவாகு, அதாவது சமாதானமாகு, என்பது. தேவாலயத்தின் ஓய்வுநாள் பள்ளிப் போட்டியில் இதை ஒப்பித்துத்தான் டிபன் பாக்ஸ் வாங்கியிருந்தாள்.

அதன் திசையை மட்டும் அவள் கவனித்ததில்லை. நீங்களும் ஒரு தடவை பாருங்கள், அழகான வேலைப்பாடு அது. உனக்கு அவன்மேல் குறை இருந்தால் போ என்று அங்கே சொல்லவில்லை. அவனுக்கு உன்மேல் குறை இருந்தால் போ என்றுதான் சொல்லியிருக்கிறது. கணக்கு அவன் பக்கத்தில். நடக்க வேண்டிய கால் உன்னுடையது. ஆராதனையில் காணிக்கைக்கு முன்னால் சமாதானத்தை வைத்திருப்பதும் இதனால்தான்.

கெசியாவுக்குக் காதுமடல் சூடாயிற்று. பென்சில் கோடு நினைவுக்கு வந்தது. சமாதானம் கைக்குக் கை வந்தபோது பக்கத்தில் இருந்த அம்மாள் அவள் கையைப் பிடித்து "தேவ சமாதானம்" என்றார். அடுத்து அவள் என்னிடம் திரும்ப வேண்டும்.

திரும்பவில்லை. பாடகர் குழுவில் இருந்த அவள் அம்மா கண்ணை உருட்டியதையும் பார்க்காமல் வாசலுக்குப் போனாள்.

4

கைகளை மூடிக்கொண்டேவா தெருவில் நடந்தாள்? நம்புகிறாற்போல் இல்லை என்று நீங்கள் சொல்வீர்கள். நானும் இரண்டு நாள் இதில் சிக்கிக்கொண்டு கிடந்தேன். கைக்குள் ஒன்றும் இல்லை என்பது அவளுக்குத் தெரியும், அவள் குழந்தை இல்லை. ஆனால் வாங்கியதை வேறொருத்திக்கென்று எடுத்துக்கொண்டு கிளம்பியாகிவிட்டது. நடுவழியில் கையைத் திறந்தால் பாதியில் திரும்பிவிடுவோமோ என்கிற பயம். இந்தக் காரணம் எனக்குப் போதுமாக இருக்கிறது.

லஸ் கார்னரில் வடபழனி பஸ் வந்தது. பெண்களுக்கு டிக்கெட் இலவசம், ஆனாலும் கிழித்துத்தான் கொடுப்பார்கள்.

"இன்னாமா, கைக்குள்ள இன்னா கீது? புறா புட்சிகினு வந்தியா?" என்றார் கண்டக்டர்.

"ஒண்ணுமில்லண்ணா."

"ஒண்ணுமில்லாததுக்கா இப்டி பொத்திகினு கீற? டிக்கெட்ட எங்க வெக்கறது?"

"வாட்ச் பட்டைல சொருகுங்கண்ணா."

"ஃப்ரீ டிக்கெட்டுக்கு இம்மாம் மரியாத நான் பாத்ததில்ல" என்று சொருகிவிட்டுப் போனார்.

ஆழ்வார்பேட்டை சிக்னலில் டிரைவர் பிரேக் போட்டார். பஸ்ஸே முன்னால் சாய்ந்தது. கெசியா இரண்டு கைகளாலும் கம்பியைப் பற்றிக்கொண்டாள்.

[இந்த இடத்தில் "ஆனால் சமாதானம் அவள் நெஞ்சுக்குள்—" என்று ஒரு வாக்கியம் இருந்தது. அடித்துவிட்டேன்.]

கைகள் திறந்துவிட்டன, அவ்வளவுதான். பனகல் பார்க்கில் அவள் வெறுங்கையோடு இறங்கினாள். இனிமேல் வாயைத் திறந்துதான் ஆக வேண்டும்.

5

உஸ்மான் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், மாடியில் ஃபிசாவின் வாப்பா ஷாஹுல் ஹமீதின் கடை. புதுப் புடவைகளுக்கு ஃபால்ஸ் தைத்து, ஓரம் அடித்துக் கொடுப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை அங்கே மூச்சுவிட நேரம் இருக்காது. ஷாஹுல் ஹமீது மெஷினை விட்டுத் தலை தூக்காமலே, "வாம்மா கெசியா. நல்ல நேரத்துல வந்த. ஃபிசா உம்மா சாப்பாடு எடுக்கப் போயிருக்கா. அந்த முனையப் பிடி" என்றார். வீட்டில் ஃபிசா எதுவும் சொல்லியிருக்கவில்லை.

ஃபிசா ஒரு பட்டுப்புடவையின் முனையைப் பிடித்தபடி நின்றாள். கெசியா மறுமுனையை எடுத்தாள்.

புடவையை இரண்டு பேர் மடிப்பது எப்படி என்று கொஞ்சம் சொல்ல விடுங்கள். எதிரெதிரே நின்று இழுத்துப் பிடிக்க வேண்டும். பிறகு ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து முனைகளைச் சேர்க்க வேண்டும். ஒருத்தி முனைகளை வைத்துக்கொள்ள, மற்றவள் குனிந்து மடிப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் போவாள். ஒவ்வொரு முறையும் தூரம் பாதியாகும். கடையில் ஆட்கள் இருக்கும்போது, கிட்டே வரும் நொடியில் மட்டும்தான் ரகசியம் பேச முடியும்.

முதல் மடிப்பு.

"ஸாரி" என்றாள் கெசியா.

ஃபிசா முனைகளை வாங்கிக்கொண்டாள். "சர்ச் முடியலயே இன்னும்."

"பாதியில வந்துட்டேன்."

விலகினார்கள். மெஷின் நின்றது. ஷாஹுல் ஹமீது நூலைக் கோத்துக்கொண்டே கேட்டார்: "அப்பா எப்பிடிம்மா இருக்காரு? ஆபரேஷன் நடந்தப்ப எங்க வீட்ல இவதான் படாத பாடு பட்டா. உங்கப்பா ஐசியூலேருந்து வார்டுக்கு வர்ற வரைக்கும் நோன்பு வச்சா. சொன்னாளா?"

"வாப்பா, அது எதுக்கு இப்ப" என்றாள் ஃபிசா.

கெசியாவின் கையில் புடவை தொய்ந்தது. அப்பா இதய அறுவை சிகிச்சைக்குப் படுத்திருந்த அந்த நாட்களில், மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஃபிசா பசியில்லை என்று தன் டப்பாவை இவளிடம் தள்ளியது ஞாபகம் வந்தது. அதில் இருந்த நெய்ச்சோற்றை இவள்தான் சாப்பிட்டாள்.

இரண்டாவது மடிப்பு.

"நீ சொல்லவே இல்லையே."

"சொல்றதுக்கா வச்சேன்?"

கெசியாவால் உடனே குனிந்து மடிப்பைப் பிடிக்க முடியவில்லை. கண் மறைத்தது. "பட்டு அது, தண்ணி பட்டா கறை" என்றாள் ஃபிசா, கொஞ்சம் சத்தமாகவே.

மூன்றாவது மடிப்பு. இப்போது இடைவெளி ஒரு கை நீளம்தான்.

"தேங்க்ஸ் ஃபிசா. அப்பா இப்ப எலியட்ஸ் பீச் வரைக்கும் நடக்குறாரு." பிறகு, "குரூப்ல நான் பண்ணது தப்புனு எழுதிப் போட்டுரட்டுமா?"

"மறந்தவனுக்கெல்லாம் ஞாபகப்படுத்தப் போறியா?"

"அப்ப உனக்கு ஜெபம் பண்றத..."

"அத நான் நிறுத்தச் சொன்னேனா?" ஃபிசா மடித்த புடவையை வாங்கி மேஜைமேல் வைத்து, உள்ளங்கையால் ஒரு முறை நீவினாள். "மேல இருக்கிறவர்கிட்ட மட்டும் சொல்லு. அவருக்கு குரூப் கிடையாது."

6

முடிவுக்கு மூன்று வரைவுகள் எழுதினேன்.

ஒன்றில் இருவரும் கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள். ஷாஹுல் ஹமீதுக்கு ஒன்றும் புரியவில்லை. சிரிப்பு. இது எனக்குப் பிடித்த முடிவு, பிடித்ததாலேயே நம்பவில்லை.

இன்னொன்றில் ஃபிசா, "போய்ட்டு வா, பாக்கலாம்" என்கிறாள். கெசியா படியிறங்குகிறாள். திங்கட்கிழமை ஜன்னல் பெஞ்ச்சில் இடம் இருக்குமா என்பது—

[இதுவும் பாதியில் நிற்கிறது. அந்தக் கடைசி பெஞ்ச் பையன் திங்கட்கிழமையும் பள்ளிக்கு வருவான் என்பதை நான் எங்கேயும் எழுதவில்லை, பாருங்கள்.]

மூன்றாவதில், முடிவு சொல்வது என் வேலையே இல்லை என்று தோன்றிவிட்டது. கெசியா மன்னிப்புக் கேட்பதை நான் எழுதலாம், அவளை நான்தான் அனுப்பிவைத்தேன். ஆனால் ஃபிசாவின் சார்பில் மன்னிக்க நான் யார்? அவளைக் கேட்காமல் அவளைப் பற்றி ஒருமுறை ஊரறியச் சொன்னாயிற்று. இன்னொருமுறை வேண்டாம்.

என் கைக்கு வர வேண்டியது வராமல் போனதற்காக இப்போது நான் நன்றியோடுதான் இருக்கிறேன். அது எங்கே போயிருக்கலாம் என்று யோசித்ததில் ஒரு மாதம் நல்லபடியாகக் கழிந்தது. என்னால் காட்ட முடிந்தது இவ்வளவுதான். மிச்சத்தை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஃபிசா அடுத்த புடவையை எடுத்து உதறுகிறாள். பச்சையில் மாம்பழ நிற பார்டர். ஒரு முனை அவள் கையில். சாப்பாட்டுக் கூடையோடு அவள் உம்மா ஜஹீதா படியேறி உள்ளே வந்துவிட்டார், செருப்பைக் கழற்றியபடி, "நான் பிடிக்கவா?" என்கிறார். கெசியா இன்னும் எதிரே நிற்கிறாள். யாருடையதோ கல்யாணப் புடவை அது, தரையில் படக் கூடாது. மறுமுனை காற்றில் இறங்கிக்கொண்டிருக்கிறது. ஃபிசா இருவரையும் பார்க்கிறாள்.