தொப்பி பன்

பெரிய மளிகைக் கடைகளில் ரேக் அடுக்குகிறவர்கள் என்று சிலர் உண்டு. நாம் போகும்போது சாமானெல்லாம் தானாக முளைத்து நிற்கிற மாதிரி இருக்கும். கடை திறக்கும் முன்னால் வந்து அதை முளைக்க வைத்துவிட்டுப் போவது அவர்கள்தான். தம்பிக்கு அந்த வேலை. வீட்டில் அக்காவுக்குத் தம்பி. கடையிலும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. அவனைவிட வயதில் சின்னவளான கல்லாக்காரிகூட, "தம்பி, அந்த வண்டியக் கொஞ்சம் தள்ளு" என்பாள்.

அவன் பொறுப்பு ரொட்டி வரிசை. அதன் கடைசி ஓரத்தில், துடைப்பமும் குப்பைப் பையும் தொடங்குகிற இடத்துக்குப் பக்கத்தில், ஒரு சாண் இடம் வீகன் சாமானுக்கு. அதாவது பால், வெண்ணெய், முட்டை எதுவும் சேராத ரொட்டி வகைகளுக்கு. வகை என்ன வகை, அவன் சேர்ந்த புதிதில் அங்கே இருந்தது ஒரே ஒரு ரொட்டி. தலையில் விழுந்தால் தையல் போடவேண்டி வரும்.

"இத சாப்பிடறதுக்கா வாங்கறாங்க, கதவுக்கு முட்டுக் குடுக்கவா?" என்று கல்லாக்காரி கேட்பாள்.

பிறகு எங்கிருந்தோ ஒரு மோகம் வந்தது. ஒரு சாண் இடம் ஒரு கை நீளமானது; கை நீளம் முழு ரேக்கானது. மஃபின், டோனட், பிஸ்கட், சாக்லேட் வழிகிற கேக், எல்லாம் பாலில்லாமல், முட்டையில்லாமல். தலைக்கு மேலே விளக்கு வைத்த பச்சைப் பலகை வேறு. முன்னெல்லாம் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு வந்து வாங்குவார்கள். இப்போது சிரித்துப் பேசிக்கொண்டு வந்து அள்ளிப் போட்டுக்கொண்டு போனார்கள்.

அந்தக் கூட்டத்தோடு கூட்டமாக ஒரு சாதாரண பன்னும் வந்து உட்கார்ந்தது. நீல உறை. உறையில் தொப்பி போட்ட பன் ஒன்று பல் தெரியச் சிரிக்கும்.

இங்கே அக்கா மகளைப் பற்றிச் சொல்லவேண்டும். நாலு வயதுப் பிள்ளை. தவழ்கிற காலத்தில் நேராகப் போகாமல் பக்கவாட்டிலேயே நகர்ந்ததால் நண்டு என்று பெயராகிவிட்டது. அவளுக்குப் பால் ஒரு துளி உள்ளே போனால் உதடு தடித்து, மூச்சு விசில் அடிக்கும். அது ஒரு கஷ்டம். அதற்கு மேல் இன்னொன்று, புதிதாக எதையும் வாயில் வைக்கமாட்டாள். அடம் என்று சொல்லாதீர்கள், அது பயம். இருட்டுக்குள் கால் வை என்றால் நாம் எப்படித் தயங்கி நிற்போம், அப்படித்தான் அவள் ஒரு கரண்டிக்கு முன்னால் நிற்பாள். "அவசரப்படுத்தாதீங்க, மெதுவாத்தான் வரும்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவித்த உருளைக்கிழங்கு, வாழைப்பழம், அவ்வளவுதான் அவள் உலகம். குச்சிக் கையும் குச்சிக் காலுமாக இருந்தாள்.

தம்பி ஒரு நாள் விளையாட்டாக அந்த நீல உறையைக் கொண்டுவந்து, "பாரு, தொப்பிக்காரன் உன்னப் பாத்துச் சிரிக்கறான்" என்று ஒரு துண்டு பிய்த்து நீட்டினான். மாமா கையிலிருந்து வாங்கினாள். முகர்ந்தாள். கடித்தாள். அக்கா தையல் மிஷின் பக்கம் திரும்பி, ஊசியில் இருந்த நூலை உருவிவிட்டு மறுபடி கோத்தாள். கண்ணில் நீர் முட்டினால் அவள் அப்படித்தான் ஏதாவது செய்வாள். அத்தான் லாரியோடு போனால் வாரக்கணக்கில் வரமாட்டார். அவருக்குப் போன் போட்டு, "நண்டு பன் சாப்பிட்டாங்க, பன்னு" என்று ஏதோ பரிசு விழுந்த மாதிரி சொன்னாள்.

அதிலிருந்து காலையும் சாயங்காலமும் தொப்பி பன். கன்னத்தில் கொஞ்சம் சதை வைத்தது.

அக்கா ஆனாலும் கண்கொத்திப் பாம்பு. அதே பன், அதே உறை என்றாலும் ஒவ்வொரு முறையும் பின்பக்கத்தைப் படிக்காமல் பிரிக்கமாட்டாள். எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் படிப்பாள்.

"என்னக்கா, பரீட்சைக்கா?"

"ஆமாடா. தினம் எழுதறேன். ஒரு தடவ ஃபெயிலாக முடியாது பாரு, அதான்."

வந்த மோகம் வந்த மாதிரியே வடிந்தது. முதலில் டோனட் போனது. அப்புறம் கேக். பச்சைப் பலகையின் விளக்கு அணைந்தது, யாரும் மாற்றவில்லை. பாதி ரேக்கைப் புரோட்டீன் ரொட்டிக்குக் கொடுத்துவிட்டார்கள். தம்பி மேனேஜரிடம் போய் நின்றான்.

"அந்த நீல பன் மட்டும் இருக்கும்ல சார்?"

"என்னக் கேட்டா? மேலேர்ந்து ரேக் படம் அனுப்பறாங்க. படத்துல எது எங்க இருக்கோ அத அங்க வைக்கறோம். அந்தப் படத்துல நான் இருக்கேனான்னே தினமும் தேடிப் பாத்துக்கறேன், நீ வேற."

பன் போகவில்லை. ஆனால் தொப்பிக்காரன் போனான். ஒரு நாள் பெட்டியைப் பிரித்தால் நீலத்துக்குப் பதில் பச்சை உறை, நடுவில் ஓர் இலை. அக்கா பின்பக்கத்தைப் படித்தாள். எழுத்துக்கு எழுத்து அதேதான். பன்னும் அதே பன். ஆனால் நண்டு அந்தப் பச்சையைப் பார்த்தாள், கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். அன்று முழுக்க வாழைப்பழம்தான்.

"பன்னு அதேதான்டா. இவகிட்ட எப்படிச் சொல்லிப் புரியவைக்கறது?" என்றாள் அக்கா.

யோசனை தம்பியுடையது. பழைய நீல உறைகளை அக்கா எறிந்திருக்கவில்லை, பொத்தான் போட்டு வைக்க உதவும் என்று கழுவி வைத்திருந்தாள். அதில் ஒன்றை எடுத்து, பச்சைப் பன்னை அதற்குள் மாற்றி நீட்டினார்கள். நண்டு தொப்பிக்காரனைப் பார்த்தாள். சாப்பிட்டாள்.

அப்பாடா என்றிருந்தது இருவருக்கும். அதன் பிறகு அக்கா வீட்டுக் கொடியில் துணிகளுக்கு நடுவே நீல உறைகள் கிளிப்பு மாட்டித் தொங்கும். "உங்க வீட்டுத் தொப்பிக்காரன் தினம் குளிக்கறான், எங்க வீட்டுக்காரரையும் அனுப்பி வைக்கட்டுமா?" என்று பக்கத்து வீட்டுக்காரி கேலி செய்வாள்.

இதிலும் ஒரு தடை வந்தது. குப்பைக் கூடையில் பச்சை உறை கிடந்ததை நண்டு ஒரு நாள் பார்த்துவிட்டாள். அதையும் கையிலிருந்த பன்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பன்னை மெல்ல மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அவளை மறுபடி வழிக்குக் கொண்டுவருவதற்குள் அக்கா பாதியாகிப் போனாள்.

"இனிமே அந்தப் பச்சச் சனியன் வீட்டுக்குள்ளயே வரக்கூடாது" என்றாள்.

"நான் கடையிலயே மாத்திக் கொண்டாந்துடறேன்க்கா."

அப்படியே செய்தான். வேலை முடிந்ததும் பன்னை வாங்கிக்கொண்டு கடையின் பின்னறைக்குப் போவான். கழுவிய நீல உறைக்குள் பன்களை மாற்றுவான். பச்சை உறையைக் கசக்கி அங்கேயே போட்டுவிடுவான். நேர்த்தியான ஏற்பாடு. படிக்கிறது அக்காவின் வேலை, அடுக்குகிறது தம்பியின் வேலை என்றுதான் எப்போதும் இருந்தது. இந்த ஏற்பாட்டில் அக்கா கைக்குப் படிக்க எதுவுமே வந்து சேராது என்பது, பாருங்கள், கெட்டிக்காரர்களான அந்த இரண்டு பேருக்கும் உறைக்கவே இல்லை. அவள் கையில் இருந்தது பழைய உறை. அதில் பால் கிடையாது. அது என்றைக்குமே மாறாது.

கொஞ்ச நாள் கழித்து மேலிருந்து புது ரேக் படம் வந்தது. பச்சை உறை இருந்த இடத்தில் பச்சை உறைதான் வந்தது. அதே இலை, அதே உருவம். ஓரத்தில் மட்டும் ஒரு மஞ்சள் நட்சத்திரம்: இன்னும் மிருதுவாக. தம்பி விரலால் அமுக்கிப் பார்த்தான், பஞ்சு மாதிரி அமுங்கியது. பிள்ளைக்கு இதமாக இருக்குமே என்று அவன் மனசு குளிர்ந்தது என்றால் நம்புவீர்களா. வாங்கினான், பின்னறையில் மாற்றினான், உறையைக் கசக்கிப் போட்டான்.

சாயங்காலம் நண்டு அவன் மடியில் உட்கார்ந்துதான் சாப்பிட்டாள். பாதி பன் உள்ளே போயிருக்கும். மேலுதட்டைச் சொறிந்தாள். பிறகு கழுத்தை. அக்கா மிஷினை நிறுத்தினாள். பிள்ளையின் முகத்தைத் தூக்கிப் பார்த்தாள். இப்படி ஆனால் உடனே குத்தச் சொல்லி டாக்டர் கொடுத்து, அலமாரியில் வைத்திருந்த ஊசி மருந்தை எடுத்து, மூடியைப் பல்லால் இழுத்து, தொடையில் குத்தினாள். தம்பி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினான்.

ஆஸ்பத்திரியில் மூச்சு சீரானது. தப்பித்தது என்று நாமும் மூச்சு விடலாம். மூக்கில் குழாயோடு பிள்ளை தூங்க, அக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, எப்படியோ கையோடு வந்துவிட்ட நீல உறையைப் படித்துக்கொண்டிருந்தாள். முடிந்ததும் முதலிலிருந்து மறுபடி.

"இதுல பால் இல்லையேடா" என்றாள். "டாக்டர் பால்னு சொல்றார். இதுல இல்லையே."

தம்பிக்கு "அது பழைய உறைக்கா" என்று மட்டும் வந்தது.

அக்கா அவனைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை. உறையை நாலாக மடித்து, இன்னும் மடிக்க முடியாதபடி மடித்து, கைக்குள் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை கடையில் அந்தப் பன்னின் பின்பக்கத்தை முதன்முறையாக அவனே படித்தான். பால் பொடி. மறைக்கவில்லை, கொஞ்சம் தடித்த எழுத்திலேயே போட்டிருந்தார்கள். முன்பக்கத்தில் வீகன் என்ற வார்த்தையும் இல்லை.

"முறைப்படி எல்லாம் போட்டுத்தானே இருக்கு" என்றார் மேனேஜர். அவருக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. "அவங்க மறைக்கலியே தம்பி."

"இல்ல சார். மறைச்சது நாங்கதான்."

கம்பெனிக்குப் போன் செய்தான். பாட்டுப் போட்டுக் காத்திருக்க வைத்து, கடைசியில் ஒரு பெண் பேசினாள். புதுப் பன் எல்லோருக்கும் பிடித்திருக்கிறது என்றாள். பழைய பன் எங்கேயாவது கிடைக்குமா என்று கேட்டான்.

"அத நிறுத்திட்டோம் சார். வேற ஏதாவது உதவி வேணுமா?"

வேறு என்ன உதவி கேட்பது. போனை வைத்துவிட்டு, வண்டியில் இருந்த புதுப் பன்களை எடுத்து அந்த இடத்திலேயே அடுக்கினான். படத்தில் அப்படித்தான் இருந்தது. ஊரில் இருந்த மற்றக் கடைகளுக்கும் போனான். எங்கேயும் அதே பச்சை, அதே மஞ்சள் நட்சத்திரம். ஒரு கடையில் மட்டும் வேறு கம்பெனியின் பாலில்லாத பன் இருந்தது. அக்கா முன்னும் பின்னும் படித்துவிட்டு வாங்கினாள். வீட்டில் தானே மாவு பிசைந்தும் சுட்டுப் பார்த்தாள். எதையும் நண்டு முகரக்கூட இல்லை. தொப்பிக்காரன் உறையை எடுத்தாலே மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அதோடு விட்டிருந்தால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஒரு சாயங்காலம் தம்பி அவித்த கிழங்கை அவள் கண் முன்னாலேயே தோல் உரித்து, ஊதி, ஒரு துண்டு நீட்டினான். நண்டு கிழங்கைப் பார்க்கவில்லை. அவன் விரல்களைப் பார்த்தாள். உதட்டை உள்ளே மடித்து வாயை இறுக மூடிக்கொண்டாள். அக்கா அதே துண்டை வாங்கிக் கொடுத்தபோதும் திறக்கவில்லை. அவன் எழுந்து மிஷின் பக்கம் போய் நின்றான். அங்கே நின்றாலும் திறக்கவில்லை.

"என்னாச்சு குட்டி, நம்ம மாமாதானே?" என்றாள் அக்கா.

பிள்ளையின் கண் அவன் கையை விட்டு நகரவில்லை.

"கொஞ்சம் வெளியில நில்லுடா" என்றாள் அக்கா, அவன் முகத்தைப் பார்க்காமல். "கோச்சுக்காத. அவ வயித்துல ஒண்ணுமே இல்ல."

"நான் எதுக்குக்கா கோச்சுக்கறேன்."

செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்க் கதவைச் சாத்தினான். மாடிப்படிப் பக்கம் நின்றான். எதிர் வீட்டில் யாரோ பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். உள்ளே கிண்ணத்தை நகர்த்துகிற சத்தம் கேட்டது. பிறகு நண்டுவின் குரல்.

"மாமா போயிட்டாரா?"

கிண்ணத்தின் சத்தம் நின்றது.

"போயாச்சு" என்றாள் அக்கா.

தம்பி ஒரு படி இறங்க வைத்த காலை அப்படியே எடுத்துக்கொண்டான். செருப்புச் சத்தம் கேட்டுவிடக்கூடாது. சுவரோடு ஒட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, உள்ளே பிள்ளை மெல்லுகிறாளா என்று கேட்டபடி நின்றான்.