சிற்றூர் விசா

கனடாவின் விசா விதி மாறியதில் பிரிசில்லாவின் விண்ணப்பம் தள்ளுபடியானது. மங்கலத்தில் பதினாறு வருடமாக துணி பின்னும் நிட்டிங் மெஷின்களுக்கு மெக்கானிக்காக இருப்பவள் அவள்.

"விட்டுரு புள்ள" என்றான் கணவன் டேனியல்.

அவள் விடவில்லை. புது விதியை வரிவரியாகப் படித்தாள். அங்கே சிற்றூரில் தொழில் நடத்தும் முதலாளி யாராவது வேலை கொடுத்தால் போக ஒரு தனி வழி இருந்தது.

வேலை கேட்டு அவள் எழுதியதும், அப்படியொரு மில்காரர் வீடியோ அழைப்பில் தன் மெஷினைக் காட்டினார். ஊசியை மாற்றியும் துணியில் நெடுக விழும் கோடு போகவில்லையாம். ஊசி ஓடும் காடிப் பள்ளத்தில் பஞ்சு அடைத்திருக்கும் என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னாள். சுத்தம் செய்து ஓட்டினார்கள். துணி கோடில்லாமல் இறங்கியது. அவர் அப்போதே வேலை கொடுத்தார்.

ஆறாம் மாதம் விசா வந்தது.

"நானும் வரலாமுங்களா, மெக்கானிக்கம்மா?" என்றான் டேனியல்.

"என்னோட சேத்து உங்களுக்கும் வந்திருக்குதுங்க" என்று சிரித்தாள். "பெட்டியக் கட்டுங்க."