வலது மூலைக் கட்டம்

ஸலாஹுதீன் ஹாஜியார் செருப்பைக்கூடக் கழற்றாமல் எங்கள் பிளான் கீறும் ஒஃபிஸுக்குள் வந்து, நாலாக மடித்த வீட்டுப் பிளானை என் கீபோட்டின் மேல் எறிந்தார். "இதக் கீறின ஆள் யாரு?" என்றார். பாலாவிச் சந்தியில் திரும்பும் சீமெந்து லொறிகளின் இரைச்சலையும் மீறிக் கேட்டது அந்தச் சத்தம். நுரைச்சோலையில் மகளுக்குச் சீதனமாக அவர் கட்டும் வீட்டின் பிளான் அது. மனுஷன் கொழும்பில் கடையைப் பார்த்துக்கொண்டிருக்க, எங்கள் வழக்கம் தெரியாத சிலாபத்துப் பக்கத்து மேசன் பாஸ் பேப்பரில் இருந்ததை அப்படியே கட்டிக்கொண்டு போயிருக்கிறார். டைல் பதித்து, கொமட் வைத்து எல்லாம் முடிந்த பிறகுதான் ஹாஜியார் வந்து பார்த்திருக்கிறார். இரண்டு பாத்ரூமிலும் கொமட் கிப்லாவைப் பார்த்தபடி இருக்கிறது.

தொழுகைக்குத் திரும்பும் திசைக்கு முகத்தையோ முதுகையோ காட்டி அங்கே உட்காரக் கூடாது என்பது எங்கள் வீடுகளில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். "கிப்லாவப் பாத்து ஒண்டுக்குப் போற வீட்டயா நான் எண்ட புள்ளைக்குக் குடுக்கிற?" என்று கத்தும்போது ஹாஜியாரின் கண் கலங்கிவிட்டது. அவரைக் கோபித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. உள்ளறையிலிருந்து முதலாளி இஸ்ஸதீன் நானா ஓடி வந்து, கதிரை போட்டு, பிளேன்டீ வரவழைத்து, "அஸருக்குப் பொறகு வாங்க ஹாஜியார், என்ன நடந்த எண்டு பாத்துச் செல்றன்" என்று அனுப்பி வைத்தார். அனுப்பிவிட்டு என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். அது நான் கீறியதல்ல என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

நான் ஒரு வீட்டைத் தொடங்கினால் முதலில் கிப்லாக் கோட்டைத்தான் போடுவேன். அதைத் தனி லேயரில் வைத்து, அந்த லேயர் பிரின்டில் விழாதபடி செட்டிங்கை மாற்றி வைத்திருக்கிறேன். திரையில் தெரியும், பேப்பரில் தெரியாது. சுவர், கட்டில், கொமட் எல்லாம் அதைப் பார்த்துத்தான் வைப்பேன். பிளான் கீறும் மென்பொருள் பாகையைக் கிழக்கிலிருந்து இடப்பக்கமாக எண்ணும், சர்வேயரோ வடக்கிலிருந்து வலப்பக்கமாக எண்ணுவார். இதைக் கண்டுபிடிக்க நான் பட்ட பாடு அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். ஹெல்ப்பை அமத்தினால் இன்டர்நெட் கேட்கும், ஒஃபிஸ் இன்டர்நெட் நானாவின் அறையைத் தாண்டாது. என் ஃபோன் டேட்டாவைப் போட்டு, ஓ.எல். பரீட்சைக்குப் படித்த இங்கிலீஷை வைத்துக்கொண்டு, ஒரு சொல்லுக்கு அகராதி, அடுத்த சொல்லுக்கு அகராதி என்று படித்துத்தான் அதைச் சர்வேயர் கணக்குக்கு மாற்றும் செட்டிங் எங்கே ஒளிந்திருக்கிறது என்று பிடித்தேன்.

உம்மாவின் கண் ஒப்பரேஷனுக்கு நான் லீவில் போயிருந்தபோது அஸ்ஹான் வந்து கம்ப்யூட்டரை ஃபோர்மட் அடித்திருக்கிறான். நானாவின் சகோதரியின் மகன். கட்டாரில் இருந்து திரும்பியவன், நானாவின் இளைய மகளைக் கலியாணம் முடிக்கப் போகிறவன். புது வேர்ஷன் போட்டதில் என் செட்டிங் எல்லாம் போய்விட்டது. திரும்பி வந்து ஒவ்வொன்றாகச் செய்தேன். இடையில் அவன் ஒரு வீடு கீறிக் கொடுத்த கதையை எனக்கு ஒருவரும் சொல்லவுமில்லை.

இப்போது அந்த ஃபைலைத் திறந்தேன். பாவம், அஸ்ஹானும் கிப்லாக் கோடு போட்டுத்தான் இருக்கிறான். பாகையும் சரி. ஆனால் கிழக்கிலிருந்து எண்ணியதால் கோடு மேற்கே கடலைப் பார்க்காமல் கொழும்பைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. அந்தப் பிழைக் கோட்டுக்குப் பயந்து பயந்து கொமட்டைத் திருப்பி, உண்மையான கிப்லாவுக்கு நேரே கொண்டுபோய் வைத்திருக்கிறான். நுரைச்சோலையில் கடல் எந்தப் பக்கம் என்று யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே! எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

நானாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஃபைலின் விபரத்தில் கடைசியாகச் சேமித்தவர் அஸ்ஹான் என்று இருந்தது, அதையும் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "செரி, நான் பாத்துக்கிறன். நீங்க சாப்பிடுங்க புள்ள," என்றார். என்னைப் புள்ள என்று கூப்பிட்டால் ஏதோ இருக்கிறது என்று அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும். ஆனால் எனக்கு வேறு யோசனை. இந்த நன்றிக்காவது பெயர் விஷயத்தைத் திரும்பக் கேட்டுப் பார்ப்போமா என்றுதான் சோற்றைப் பிசைந்துகொண்டு இருந்தேன்.

பெயர் விஷயம் இதுதான். மதுரங்குளியில் ஒரு கட்டடக் கொம்பனி ஆள் எடுக்கிறது. கிழமைக்கு ஒரு நாள் லீவு, சேமலாப நிதி எல்லாம் உண்டு. நான் கீறினேன் என்று பெயர் போட்ட பிளான் கொண்டு வரச் சொன்னார்கள். இந்தக் கரையில் நான் கீறாத வீடு குறைவு, என் பெயர் விழுந்த பேப்பர் ஒன்றுகூட இல்லை. வலது மூலையில் 'கீறியவர்' என்ற கட்டத்தில் ஒஃபிஸின் பெயர்தான் எப்போதும் வரும். அந்தக் கட்டத்தைத் தொட்டால் சாம்பல் நிறமாகும், எழுத விடாது. அதில் விழும் சொற்கள் வேறொரு ஃபைலில் இருந்து வருகின்றன என்று ஹெல்ப் சொன்னது. அந்த ஃபைல் நானாவின் கம்ப்யூட்டரில். பிரின்டும் அங்கிருந்துதான் போகும். எத்தனை தரம் கேட்டேன்! ஒவ்வொரு தரமும் ஒரே கதை. "அது எங்க கெடக்கு எண்டு எனக்குத் தெரியா புள்ள. கொழும்புப் பொடியன் ஒருத்தன் செஞ்சி தந்த. கைய வெச்சா எல்லாம் கொழம்பிரும்." நானும் நம்பினேன். மனுஷனுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது, பாவம் என்றுகூட நினைத்தேன்.

அஸர் தொழுகை முடிந்து ஹாஜியார் வந்தார். நானா அவரை உட்கார வைத்துவிட்டு, "ஒங்களுக்குத் தந்தது கஸ்டமர் கொப்பி ஹாஜியார். உள்ள யார் வேல செஞ்ச எண்டு ஒஃபிஸ் கொப்பியிலதான் இரிக்கும்" என்று சொல்லி அறைக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் பெரிய பிரின்டர் இரையத் தொடங்கியது. பேப்பர் மெல்ல மெல்ல இறங்கி வந்தது. ஹோல், குசினி, அந்த இரண்டு பாத்ரூம்கள். கடைசியாகத்தான் வலது மூலை வந்தது.

கீறியவர்: மர்ஷூதா.

என் பெயர்தான், எழுத்துப் பிழைகூட இல்லை. எங்கே கிடக்கிறது என்று தெரியாத செட்டிங், தேவை வந்ததும் பிளேன்டீ ஆறுவதற்குள் கிடைத்துவிட்டது. நான் நானாவின் முகத்தைத் தேடினேன். அவர் பேப்பரின் ஓரத்தை வெட்டுவதில் மும்முரமாக இருந்தார்.

"நானா, இது என்ன வேல?"

"பொறகு கதைப்பம்," என்றார் நிமிராமலே. பிறகு ஹாஜியாரைப் பார்த்து, "இனி இவட கையில வேல குடுக்க மாட்டன். டைல் கழட்டிற செலவும் எண்ட பொறுப்பு," என்றார்.

"ஹாஜியார், வல்லாஹி இது நான் கீறல்ல. வாங்க, ஃபைலக் காட்டுறன், ஆள்ட பேரே அதுக்குள்ள இரிக்கி," என்று என் கம்ப்யூட்டரைத் திருப்பினேன். ஹாஜியார் திரையைப் பார்க்கவில்லை. பேப்பரில் விரலை வைத்தார். காலையில் இருந்த கோபம் இல்லை, சலிப்புத்தான் இருந்தது.

"பேர் போட்டிரிக்கே மகள்," என்றார்.

பிறகு சட்டைப் பையிலிருந்து ஃபோனை எடுத்தார். மேசன் பாஸுக்கும், சம்பந்தி வீட்டாருக்கும், ஊர் வாட்ஸ்அப் குரூப்புக்கும் அனுப்ப வேண்டுமாம். வேறு ஆட்களும் ஏமாறக் கூடாதாம். மதுரங்குளிக் கொம்பனிக்காரரும் அந்தக் குரூப்பில்தான் இருக்கிறார். பேப்பரை என் மேசையில் விரித்து, அதன் மூலை சுருளாமல் இருக்க என் தண்ணீர்ப் போத்தலையே எடுத்து மேலே வைத்தார். படம் பிடித்தார். தெளிவாக விழுந்ததா என்று பார்க்க இரண்டு விரலால் பெரிதாக்கினார். சுவர் போனது, பாத்ரூம் போனது, வீடே போனது. என் பெயர் மட்டும் திரையை நிறைத்துக்கொண்டு நின்றது.